ஹாலோவீன் மாலையில் கறுப்பு உடை போட்ட குழந்தைகளை எப்படிப் பத்திரமாகக் கூட்டிப் போவது?

அமெரிக்காவில் அக்டோபர் 31 மாலை குழந்தைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள்தான் ஹாலோவீன். ஜூலை மாதம் கோயம்புத்தூரிலிருந்து நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடிவந்த ஒரு தாய் கேட்டிருக்கிறார். எட்டு வயது மகனுக்கு நிஞ்சா உடை, ஐந்து வயது மகளுக்குச் சூனியக்காரி உடை, இரண்டும் தலை முதல் கால் வரை கறுப்பு. மகளுக்கு முந்திரி ஒவ்வாமையும் உண்டு. முன்பின் தெரியாத வீடுகளில் கொடுக்கிற மிட்டாயைச் சாப்பிட விடலாமா, அதில் ஏதாவது கலந்திருப்பார்களா, மகன் நண்பர்களோடு தனியாகப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், விடலாமா, அப்புறம் கறுப்பு உடைக்கு மேலே ஏதாவது ஒட்ட வேண்டுமா என்று கேட்கிறார். கேள்வியில் முக்கால்வாசி மிட்டாயைப் பற்றி. உடையைப் பற்றிக் கடைசியில் அரை வரிதான். ஆனால் அவர் உண்மையில் கேட்பது, பிள்ளைகள் இரண்டு பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத்தான். அதனால் அந்த அரை வரிக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

நான் சாலைப் பாதுகாப்புப் பொறியாளர். இரவில் எது கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது, எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பதுதான் பல வருடங்களாக என் வேலை. பாதசாரிகள் அடிபட்ட விபத்து அறிக்கைகளை வரி வரியாகப் படிப்பதும் அதில் சேர்ந்தது. நான் மருத்துவன் இல்லை. ஒவ்வாமை, விஷம் என்று வருகிற இடங்களில் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்வேன். உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்பதை அவளுடைய டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் மிட்டாய் பயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட், அறிமுகமில்லாதவர்கள் ஹாலோவீன் மிட்டாயில் விஷமோ பிளேடோ வைத்தார்கள் என்று வந்த செய்திகளை 1980களிலிருந்து தேடித் தேடிச் சரிபார்த்து வருகிறார். வீடு வீடாகப் போன குழந்தை ஒன்று, யாரோ ஒருவர் விஷம் வைத்த மிட்டாயால் செத்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்று உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிற டெக்சஸ் சம்பவம் 1974இல் நடந்தது. அதில் சயனைடு கலந்து கொடுத்தது பெற்ற தகப்பனேதான், காப்பீட்டுப் பணத்துக்காக. ஆகவே வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டி, உறை கிழிந்ததையும் பிரிந்ததையும் வீட்டில் செய்து கட்டிக் கொடுத்ததையும் தூக்கிப் போடுங்கள், பெரியவர்களுக்கான கஞ்சா மிட்டாய்கள் சில சமயம் பிரபலமான மிட்டாய் போலவே உறை போட்டு வருவதால் பெயரை ஒரு முறை படித்துப் பாருங்கள், அது போதும். அன்று இரவு நீங்கள் பயப்பட வேண்டியது மிட்டாய்க்கு அல்ல. காருக்கு.

இது என் ஊகம் இல்லை. ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் கனடா ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று 2018 அக்டோபர் கடைசியில் வெளிவந்தது. 1975 முதல் 2016 வரை அமெரிக்காவில் வந்த 42 ஹாலோவீன் மாலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குச் சரியாக ஒரு வாரம் முந்தைய மாலையோடும் ஒரு வாரம் பிந்தைய மாலையோடும் ஒப்பிட்டார்கள். 42 ஹாலோவீன் மாலைகளில் 608 பாதசாரிகள் இறந்திருக்கிறார்கள். ஒப்பிட்ட 84 சாதாரண மாலைகளில் 851 பேர். அதாவது அன்று மாலை நடந்து போகிறவர் கார் மோதிச் சாகும் அபாயம் 43 சதவீதம் கூடுகிறது. நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு இது ஏறத்தாழ பத்து மடங்கு. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருமே சரியாக இந்த வயதுக்குள் வருகிறார்கள்.

பத்து மடங்கு என்றதும் வயிற்றைக் கலக்கும். அதனால் இந்த ஆய்வு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்குச் சராசரியாக நான்கு மரணம் கூடுதலாகிறது என்பதுதான் கணக்கு. கோடிக்கணக்கான குழந்தைகள் தெருவில் இறங்குகிற மாலை அது, எனவே உங்கள் குழந்தைக்கு என்று பார்த்தால் அபாயம் சிறியதுதான். சாதாரண மாலைகளில் அந்த வயதுக் குழந்தைகள் இருட்டில் தெருவில் நடப்பதே அபூர்வம், அதனாலும்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இறந்தவர் வேடம் போட்டிருந்தாரா, கையில் மிட்டாய்ப் பை இருந்ததா, ஓட்டியவர் குடித்திருந்தாரா என்பதை எல்லாம் அந்த ஆய்வு பிரித்துப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம், பொதுச் சாலையில் நடந்த மரணங்கள் மட்டும்தான் அந்தத் தரவில் உண்டு. கால் உடைந்து பிழைத்த குழந்தைகளும், தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் ஏறுகிற பாதையான டிரைவ்வேயில் பின்னோக்கி எடுத்த வண்டியில் அடிபட்டவர்களும் அதில் இல்லை. ஆகவே போகவே கூடாது என்று முடிவெடுக்க இது காரணம் அல்ல. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கு அது பெரிய சந்தோஷம், புதிதாக வந்த உங்களுக்கும் அக்கம்பக்கத்தினர் முகம் தெரிய அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. எப்படிப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதே ஆய்வில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது நேரம். அபாயம் உச்சத்துக்குப் போவது மாலை ஆறு மணி வாக்கில். பெரும்பாலான பெற்றோர் நடு இரவைத்தான் ஆபத்து என்று நினைத்து, சாயங்காலம்தானே என்று அசட்டையாக இருக்கிறார்கள். எடிசனில் அக்டோபர் 31 அன்று சூரியன் மறைவது 5:50 வாக்கில், ஆறு இருபதுக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். அமெரிக்காவில் 2007 முதல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பது நவம்பர் முதல் ஞாயிறு அன்றுதான், அதனால் ஹாலோவீன் எப்போதும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிற கோடைக் கணக்கு நேரத்திலேயே விழுகிறது. இல்லாவிட்டால் ஐந்து மணிக்கே இருட்டியிருக்கும். அந்த 5:50க்கும் 6:20க்கும் நடுவில்தான் சிறு குழந்தைகள் கூட்டமாக வெளியே வருகிறார்கள், அந்த நேரத்தில்தான் அலுவலகம் விட்டு எல்லோரும் வீட்டுக்கு விரட்டிக்கொண்டு வருகிறார்கள். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், தரை மட்டும் இருட்டாக இருக்கும். சிலர் முகப்பு விளக்கைக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தை இருக்கிற உங்களுக்கு என் யோசனை, ஐந்து மணிக்கே கிளம்பி, நன்றாக இருட்டுவதற்குள் முக்கால்வாசி வீடுகளை முடித்துவிடுங்கள். சின்னவளுக்கு அதற்கு மேல் காலும் தாங்காது. டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்குச் சூரியன் 6:30 தாண்டித்தான் மறையும், அவர்களுக்கு இன்னும் தோதான நேரம் கிடைக்கும். சில ஊர்களில் நகராட்சியே வீடு வீடாகப் போகும் நேரத்தை அறிவிக்கும், உங்கள் ஊர் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது கறுப்பு உடை. நியூ ஜெர்சியில் குடியிருப்புத் தெருக்களின் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 25 மைல். அந்த வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 37 அடி போகும். ஓட்டுகிறவர் எதையோ பார்த்து, அது என்ன என்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி என்று நாங்கள் கணக்குப் போடுவோம். அதற்குள் வண்டி 55 அடி போய்விடும். அதன் பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில் இன்னும் ஒரு 30 அடி. மொத்தம் 85 அடி. கறுப்பு உடை போட்டவர் இருட்டில், தாழ் ஒளி (லோ பீம்) முகப்பு விளக்கில் தெரிவது ஏறத்தாழ 55 அடியில், வெள்ளை உடை 180 அடியில், விளக்கொளியைத் திருப்பி அனுப்புகிற ரிஃப்ளெக்டிவ் பட்டை 500 அடியில் என்று சாலைப் பாதுகாப்புப் பாடங்களில் சொல்வோம். கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், கறுப்பு உடைக் குழந்தை விஷயத்தில் ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும்போதே கார் குழந்தை நிற்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. வேக வரம்பை அவர் மதித்து ஓட்டியும் இதுதான் நிலைமை.

என் கணக்கில் எது உறுதி, எது தோராயம் என்பதையும் சொல்ல வேண்டும். விநாடிக்கு 37 அடி என்பது வெறும் பெருக்கல், அதில் சந்தேகம் இல்லை. 55, 180, 500 என்ற தூரங்கள் தெருவிளக்கு, மழை, கண்ணாடியின் அழுக்கு, ஓட்டுநரின் வயது, எதிரே வரும் விளக்கின் கூச்சம் எல்லாவற்றையும் பொறுத்து ஏறி இறங்கும், அவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வரிசை மாறாது. கறுப்பு கடைசி, வெள்ளை நடுவில், ரிஃப்ளெக்டிவ் பட்டை வெகு தூரம் முன்னால். இன்னொன்றும் உறுதி. காரின் விளக்கு நம் கண்ணில் பளிச்சென்று அடிப்பதால் ஓட்டுநருக்கும் நம்மைத் தெரியும் என்று நடப்பவர்கள் நினைக்கிறார்கள், உண்மையில் நினைப்பதைவிட மிகக் குறைவாகத்தான் தெரிகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எட்டு வயதுப் பையனுக்கு இதை நீங்கள் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும்: உனக்குக் கார் தெரிகிறது என்பதால் காருக்கு உன்னைத் தெரிகிறது என்று அர்த்தம் இல்லை.

ஆகவே நிஞ்சா உடையை மாற்றச் சொல்லிப் பிள்ளையிடம் சண்டை போட வேண்டாம். அதன் மேல் ரிஃப்ளெக்டிவ் டேப் வையுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற பாதயாத்திரை பக்தர்களின் பையில் நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்களே, அதே சரக்குதான். டேப்பில் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கும். விளக்கு எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. காரின் விளக்கிலிருந்து போன ஒளி அந்தக் காரை ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பி வருகிறது. இங்கேதான் ஒரு ஏமாற்றமும் உண்டு. கடையில் வாங்குகிற வெள்ளி ஜரிகை, பளபள ரிப்பன், கிஃப்ட் சுற்றுகிற மின்னும் தாள் எல்லாம் அறை வெளிச்சத்தில் ஜொலிக்கும், கார் விளக்கில் ஒளியை எங்கேயோ சிதறடித்துவிடும், ஓட்டுநருக்கு ஒன்றும் போய்ச் சேராது. சோதிக்க எளிய வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, உடையை எதிர்ச் சுவரில் மாட்டி, டார்ச்சைக் கன்னத்தோடு, கண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து அடியுங்கள். நிஜமான டேப் என்றால் விளக்கு எரிவது போல வெள்ளையாகத் திரும்பிப் பார்க்கும். டார்ச்சைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் அதே டேப் சாம்பல் நிறத்துக்கு மங்கிவிடும். ஜரிகை இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குழந்தைகளையே இந்தச் சோதனையைச் செய்ய விடுங்கள், அதற்குப் பிறகு டேப் ஒட்டமாட்டேன் என்று சொல்லவே மாட்டார்கள்.

எங்கே ஒட்டுவது என்பது எவ்வளவு ஒட்டுவது என்பதைவிட முக்கியம். பலரும் முதுகில் ஒரு பெரிய சதுரம் ஒட்டி அனுப்புகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற ஓட்டுநருக்கு அது குப்பைத் தொட்டியாகவோ தபால் பெட்டிக் கம்பமாகவோ இருக்கலாம். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் யோஹான்சன் என்ற உளவியலாளர் 1973இல் ஒன்றைக் காட்டினார். இருட்டில் ஒரு மனிதரின் மூட்டுகளில் மட்டும் சின்னச் சின்ன ஒளிப்புள்ளி வைத்து நடக்க விட்டால், பார்க்கிறவருக்குக் கண நேரத்தில் அது நடக்கிற மனிதர் என்று தெரிந்துவிடுகிறது. அதைப் பின்பற்றி அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்திலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் உண்மையான சாலையில் சோதித்தார்கள். மார்பில் மட்டும் பட்டை போட்டவரைவிட, மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றில் பட்டை கட்டியவரை ஓட்டுநர்கள் வெகு தூரத்திலேயே மனிதர் என்று அடையாளம் கண்டார்கள். அதிலும் கணுக்காலை விட்டுவிடாதீர்கள். தாழ் ஒளி விளக்கு தரையை நோக்கித்தான் இருக்கும், குழந்தையின் காலில்தான் அது முதலில் படும், காலும்தான் அதிகம் அசையும். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கணுக்காலில் மாட்டுகிற வெல்க்ரோ பட்டை கிடைக்கும், இரண்டு கணுக்காலுக்கும் இரண்டு மணிக்கட்டுக்கும் அதையே மாட்டிவிடலாம், உடையில் கை வைக்கவே வேண்டாம். டேப்தான் என்றால், வழவழப்பான பாலியெஸ்டரில் ஒட்டுகிறது பத்து நிமிடத்தில் உரிந்து தொங்கும், நாலு மூலையிலும் ஒரு தையல் போட்டுவிடுங்கள்.

நம் ஆட்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று. அம்மா ராத்திரி உட்கார்ந்து அழகாக டேப் தைத்திருப்பார், கிளம்பும்போது குளிருகிறது என்று மேலே ஒரு கறுப்பு ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பை இழுத்துவிடுவார். அக்டோபர் கடைசியில் நியூ ஜெர்சியில் ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. எனவே பட்டை எப்போதும் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்க வேண்டும், அல்லது ஜாக்கெட்டை உள்ளே போட்டு அதற்கு மேல் உடையை மாட்டும்படி ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். மிட்டாய்ப் பையின் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், பை ஆடிக்கொண்டே வரும், நன்றாகத் தெரியும். மழை பெய்தால் மணி வைத்த துணி டேப் நனைந்து ஒளி குறைந்துவிடும், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற பட்டக வகை அவ்வளவு குறையாது. பகலில் கண்ணைப் பறிக்கிற பச்சை மஞ்சள் ஃப்ளோரசன்ட் நிறம் சூரிய ஒளி இருந்தால்தான் வேலை செய்யும், இரவில் அது சாதாரண வெளிர் நிறம்தான்.

இந்தப் பட்டையால் விபத்து இத்தனை சதவீதம் குறையும் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். தூரத்திலிருந்து தெரியும் என்பது நிரூபணமான விஷயம். தெரிந்த பிறகு ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறாரா என்பது அவர் கையில் இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு எந்தப் பட்டையும் உதவாது.

அதனால்தான் குழந்தையிடம் ஒளி விடுகிற பொருளும் ஒன்று இருக்கட்டும் என்கிறேன். பட்டைக்குக் கார் விளக்கு வேண்டும், டிரைவ்வேயிலிருந்து பின்னால் எடுக்கிற வண்டிக்கு அந்த விளக்கு குழந்தை மேல் படாமலே போகலாம். சின்ன டார்ச் ஆளுக்கொன்று, தரையைப் பார்த்து அடிக்க வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். படியில் தடுக்கி விழுவதுதான் அன்று சர்வ சாதாரணம், அதற்கும் அது உதவும். உள்ளே திரவம் இருக்கிற ஒளிக்குச்சியை ஐந்து வயதுக் குழந்தைகள் கடித்து உடைத்துவிடுவார்கள். வாய் எரியும், கசக்கும், பெரும்பாலும் வாயைக் கழுவித் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். கண்ணில் பட்டால் நன்றாகக் கழுவிவிட்டு 1-800-222-1222 என்ற விஷ முறிவு உதவி எண்ணை அழையுங்கள், இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்கள். நான் அதைவிட அதிகம் பயப்படுவது மின்னுகிற மந்திரக்கோல், ஒளிரும் மோதிரம் போன்றவற்றில் இருக்கிற பட்டன் பேட்டரிக்கு. அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், காத்திருந்து பார்க்கிற வேலையே கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வழியில் என்ன கொடுக்கலாம் என்பதை 1-800-498-8666 என்ற பேட்டரி உதவி எண்ணில் சொல்வார்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன் கொடுக்கச் சொல்வது இப்போது வழக்கம், ஆனால் தேனைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

முகமூடி வேண்டாம். கண்துளை வழியாகப் பார்க்கிற குழந்தைக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, கார் வருவதோ பக்கத்தில்தான். நிஞ்சாவுக்கு மூக்குக்குக் கீழே கட்டுகிற துணியோ முகச் சாயமோ போதும். சூனியக்காரியின் பாவாடை கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும், தொப்பி கண்ணை மறைக்கும்படி சரியக் கூடாது. காலுக்கு அவள் தினம் போடுகிற ஷூதான். வாசலில் பூசணிக்காய்க்குள் மெழுகுவத்தி எரிகிற வீடுகளில் பறக்கிற துணியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுப் பூசணியில் பேட்டரி விளக்கு வையுங்கள்.

தெருவில் நடக்கிறது எப்படி என்பதில் புதிதாக வந்த நமக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் வண்டி இடப்பக்கம் போகும், அதனால் சாலையில் கால் வைக்கும் முன் முதலில் வலப்பக்கம் பார்ப்பது நம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. இங்கே நமக்கு மிக அருகில் வருகிற வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். வந்து நாலு மாதம்தான் ஆகிறது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவசரத்தில் கடக்கும்போது பழைய பழக்கம்தான் முன்னால் வரும். இடம், வலம், மறுபடி இடம் என்று வாய்விட்டுச் சொல்லியே கடங்கள், குழந்தைகளும் சேர்ந்து சொல்லட்டும். நடைபாதை இல்லாத தெரு என்றால், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும். அந்தப் பக்கம் வருகிற ஓட்டுநருக்கு நீங்கள் வலப்பக்கம் இருப்பீர்கள். இங்கே தாழ் ஒளி விளக்குகள் எதிரே வருகிறவருக்குக் கூசாமல் இருக்க இடப்பக்கம் குறைவாகவும் வலப்பக்கம் அதிகமாகவும் அடிக்கும்படி அமைக்கப்பட்டவை. ஓட்டுநரின் இடப்பக்கத்திலிருந்து ஓடிவருகிற குழந்தை அவருக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

ஒரு பக்கத்து வீடுகளை முழுக்க முடித்துவிட்டு, தெருமுனையில் ஒரே ஒரு தடவை கடந்து, அடுத்த பக்கத்தை எடுங்கள். எதிர் வீட்டில் பெரிய சாக்லேட் தருகிறார்கள் என்று யாரோ கத்த, நிறுத்தி வைத்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து குழந்தை பாய்வது, விபத்து அறிக்கைகளில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற காட்சி. இங்கே ஓடுகிற பெரிய பிக்கப் வண்டிகள் பலவற்றின் முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயரம், ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரமே 43 அங்குலம்தான். அப்படிப்பட்ட வண்டி பக்கத்தில் நின்றால் உங்கள் மகள் யாருக்கும் தெரிய மாட்டாள், அவளுக்கும் எதுவும் தெரியாது. கார் நின்று, ஓட்டுநர் போங்கள் என்று கை காட்டினாலும் உடனே இறங்கிவிடாதீர்கள். அவர் நல்ல மனதோடு காட்டுகிறார், அவர் வண்டிக்குப் பின்னால் பொறுமை இல்லாமல் சுற்றிக்கொண்டு வருகிறவருக்கு நீங்கள் இருப்பது தெரியாது. ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துக் கடக்கச் சொல்வார்கள், இருட்டில் காருக்குள் கண் எங்கே தெரிகிறது? சக்கரம் நின்றுவிட்டதா என்று பாருங்கள். முனையில் வலப்பக்கம் திரும்புகிற கார் அனேகமாக இடப்பக்கம் வண்டி வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும், உங்களைப் பார்க்காது. அப்புறம், வாசல் விளக்கு எரியாத வீட்டுக்குப் போக வேண்டாம், விளக்கை அணைத்திருந்தால் நாங்கள் மிட்டாய் தரவில்லை என்று பொருள். அந்த இருட்டுப் பாதையில் நடக்கவும் தேவையில்லை.

எட்டு வயது மகன் நண்பர்களோடு தனியாகப் போகலாமா? வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பத்து வயது வாக்கில் வரும் வரை பெரும்பாலான குழந்தைகளால் வருகிற காரின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணித்து இப்போது கடக்கலாமா என்று சரியாக முடிவு செய்ய முடியாது. புத்தி குறைவு என்று அர்த்தமில்லை, அந்தத் திறமை இன்னும் முழுதாக வளரவில்லை. பகலிலேயே அப்படி என்றால் இருட்டில், முகத்தில் துணி, கையில் பை, கூட ஐந்து நண்பர்கள் என்று இருக்கும்போது கேட்கவே வேண்டாம். பன்னிரண்டு வயது வரை ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும் என்று இங்குள்ள குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. பன்னிரண்டு என்ற கோட்டைப் பற்றி வாதம் செய்ய இடம் உண்டு, பிள்ளைக்குப் பிள்ளை, தெருவுக்குத் தெரு மாறும். எட்டில் வாதத்துக்கு இடம் இல்லை. மற்ற அம்மாக்கள் விடுகிறார்கள் என்று அவன் சொல்லியிருப்பான். அந்த அம்மாக்களில் ஒருவருக்கு நீங்களே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள், பாதிப் பேர் அதே வார்த்தையைத் தங்கள் பிள்ளையிடமிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவன் மானம் போகாமல் இருக்க, நண்பர்கள் முன்னால் போகட்டும், நீங்களோ அவன் அப்பாவோ பத்தடி பின்னால் நடங்கள், கடக்கிற இடம் வந்தால் மட்டும் எல்லோரும் நின்று உங்களோடு சேர்ந்து கடக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுங்கள். சின்னவளின் கையை முழு நேரமும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும், ஆகவே பெரியவர்கள் இரண்டு பேர் தேவை. முடியாவிட்டால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் ஆளுக்கொரு பட்டை வேண்டும், குழந்தையைப் பளிச்சென்று அலங்கரித்துவிட்டுத் தாங்கள் கருநீலக் கோட்டில் நிற்கிற பெற்றோர்கள்தான் அதிகம்.

மகளுக்கு முந்திரி ஒவ்வாமை என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவள் வெளியே எதையும் வாயில் போடக் கூடாது, வீட்டுக்கு வந்து நீங்கள் பார்த்த பிறகுதான். சின்ன அளவு மிட்டாய்களின் கலவை சில சமயம் அதே பெயருள்ள பெரிய அளவோடு ஒத்துப்போகாது, ஒற்றைத் துண்டில் சேர்மானப் பட்டியலே இருக்காது, பட்டியல் இல்லாததைத் தள்ளிவிடுங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போடுகிற எபிநெஃப்ரின் ஊசியை டாக்டர் கொடுத்திருந்தால் அது வீட்டு அலமாரியில் இல்லாமல் உங்கள் பையில் இருக்க வேண்டும். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்திருக்கிற வீடுகளில் மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி சாமான்கள் கிடைக்கும். டென்னசியில் 2012இல் தொடங்கி 2014இல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் அது. நீங்களும் ஒன்று வைத்தால் உங்கள் தெருவில் இருக்கிற இன்னொரு ஒவ்வாமைக் குழந்தைக்கு அது பெரிய உபகாரம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கணவர் ஆறு மணி ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிறவராக இருந்தால், அன்று மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பச் சொல்லுங்கள், முடியாவிட்டால் எட்டு மணிக்கு மேல் வரட்டும். அந்த இடைவெளியில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், குடியிருப்புக்குள் நுழைந்ததும் 15 மைலுக்கு மேல் போகக் கூடாது, போன் பின் சீட்டில் இருக்கட்டும், ஒரு குழந்தை சாலையைக் கடந்தால் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்ததும் டிரைவ்வேயில் நேரடியாக ஏற்றாமல் தெருவோரமாக நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள், வண்டியைக் காலையில் உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.